டெக்சாஸ் போய்ச் சேரும்வரை

மோர்னிங்சைட்டில் தங்கள் வீட்டு வாசலில் கார் ஏறியதிலிருந்து சிவபாதம் மனைவியைச் சிரிக்க வைக்கப் பகிடி விட்டுக்கொண்டே வந்தார். ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி எல்லாம் தாண்டியாயிற்று. டெக்சாஸில் மச்சான், மனைவியின் அண்ணர், செத்துப்போனதை மறைத்து, "லீவுக்குச் சும்மா போய்ப் பார்த்திட்டு வருவம்" என்றல்லவா மனைவியைக் கூட்டிவந்திருந்தார்!

"கொண்ணர் என்ர மொட்டையைத்தான் முதல் நக்கலடிப்பார், என்ன?"

"ஓம், விடுவாரே!" என்று தவமணி சிரித்தாள்.

மச்சான் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. இனி மறைக்க ஏலாது. அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

"தவம்... கொண்ணர்..."

"தெரியும். வீட்டில நீங்கள் கீழ நிண்டு போனில கதைக்கேக்க, நான் மேல மற்றப் போனை எடுத்து எல்லாம் கேட்டிட்டன்."

"பிறகேனப்பா இவ்வளவு தூரமும் சிரிச்சுக்கொண்டு வந்தனீர்?"

"நான் அழுதால் நீங்கள் ஸ்டியரிங்கை விட்டிட்டு என்னையெல்லே பிடிப்பியள். இப்ப கார் நிண்டிட்டுது."

அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.