நீலக் கயிறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஈவ்லினுக்கு வயிறு எரியும். பத்தாவதோடு படிப்பை விட்டவள், பல்கலைக்கழக வளாகத்து ஜூஸ் கடையில் பழம் நறுக்குகிறாள். எதிர் மரத்தடியில் தடித்த புத்தகத்தோடு ஒரு பெண் வந்து உட்காருவாள். கழுத்தில் நீலக் கயிறு, அடையாள அட்டை மட்டும் சட்டைப் பைக்குள்.

"இன்னாம்மா முறைச்சிகினு கீற? உன் சொத்த எழுதி வாங்கிட்டாளா?" என்றார் கடைக்காரர் காஸ்பர் மாமா.

ஈவ்லின், மனதில் பட்டதையெல்லாம் எழுதிவைக்கும் தன் நோட்டைத் திறந்து, 'காலேஜ் திமிரு' என்று எழுதினாள்.

அந்தப் பெண் ஜூஸ் குடித்துவிட்டுப் போனதும் பார்த்தால், கொக்கி கழன்ற நீலக் கயிறு அட்டையோடு கடை மேசையடியில் கிடந்தது. ஈவ்லின் அட்டையைப் படித்துக்கூடப் பார்க்காமல் எடுத்து நோட்டுக்குள் செருகினாள். நாளைக்கு வகுப்புக்கு வெளியே நிற்கட்டும்!

ஐந்தே நிமிடத்தில் அந்தப் பெண் ஓடிவந்தாள். "அக்கா, என் கார்டு பாத்தீங்களா? அது இல்லன்னா நாளைக்கு உள்ளயே விடமாட்டாங்க!"

"இல்லையே" என்று ஈவ்லின் சொல்லும்போதே நோட்டிலிருந்து அட்டை நழுவி விழுந்தது. 'லிசா, பேக்கிங் பிரிவு, ஈக்காட்டுத்தாங்கல் தொழிற்சாலை.'

லிசாவின் முகம் வெளிறியது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. நான் பத்தாவதோட நின்னுட்டேன். லீவு நாள்ல இங்க வந்து காலேஜ் பொண்ணு மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவேன். உங்களப் பாத்தாதான் பொறாமையா கீது. வேல செஞ்சிகினே, எப்பவும் நோட்டும் கையுமா படிக்கிறீங்க. எந்த டிபார்ட்மெண்டுக்கா?"

காஸ்பர் மாமா மிக்சியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஈவ்லின் நோட்டை மெதுவாக மூடினாள்.

"தமிழ்" என்றாள்.