சோமனூர்க் கம்பம்

"கோபி கம்பம் ஒசந்து நிக்கோணுமுங்க அம்மணி. பக்கத்துல சோமனூரு முளைக்குச்சியாட்டத் தெரியோணும். ஆனா நம்பர்ல மட்டும் கை வெக்கப்படாது."

பம்ப்செட் கம்பெனியின் விற்பனை அதிகாரி அப்புசாமி இப்படிச் சொன்னதும், டவுன்ஹால் கம்ப்யூட்டர் சென்டரின் ஜன்னத் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பவர்பாயிண்ட் திரையில் விற்பனை வரைபடத்தின் இரண்டு கம்பங்களும் இரட்டைப் பிள்ளைகளைப்போல நின்றன. கோபிசெட்டிபாளையத்தில் விற்ற பம்புகள் தொள்ளாயிரத்து எழுபது. சோமனூரில் தொள்ளாயிரத்து நாற்பது.

"முப்பதுதானுங்ணா வித்தியாசம். அளவுகோலைப் பூஜ்யத்துல இருந்து போட்டா இப்படித்தான் தெரியும்."

"இத அப்படியே காட்டினா காரியங் கெட்டுதுங்க. ரெண்டும் சமமாட்டத் தெரிஞ்சா, ரெண்டு ஊரு ஆபீசருங்கள்ல மூத்தவரத்தான் நாக்பூருக்கு மேனேஜரா அனுப்புவேன்னு மொதலாளி சொல்லிப்போட்டாரு. மூத்தவரு சோமனூர்க்காரருங்க."

"காரு, பங்களா எல்லாங் குடுப்பாங்களாக்கும்?"

"அதெல்லாமுண்டுங்க."

முகமறியாத அந்தச் சோமனூர்க்காரர்மீது ஜன்னத்துக்கு இரக்கம் பிறந்தது. எனினும், இடப்பக்க அளவுகோலைப் பூஜ்யத்துக்குப் பதிலாகத் தொள்ளாயிரத்து முப்பதிலிருந்து தொடங்க வைத்தாள். மறுகணமே கோபி கோபுரமாய் எழுந்தது; சோமனூர் கட்டைவிரலளவுக்குச் சுருங்கியது.

"கோபிக்குப் பச்சை குடுங்க. சோமனூருக்கு மங்கலாச் சாம்பல் கலரு போதும்."

"உங்களுக்கே பாவமா இல்லீங்ளாண்ணா? அவரும் பாடுபட்டுத்தான வித்திருப்பாரு?"

"நெம்பப் பாடுபட்டாருங்க" என்றார் அப்புசாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கம்பத்த இன்னுங் கொஞ்சம் ஒல்லியாக்கிப் போடுங்க."

"ஒண்ண மட்டும் ஒல்லியாக்க முடியாதுங்ணா. ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமுங்ளா?"

அப்புசாமி, ஓ.எச்.பி. புரொஜக்டரில் வைத்துக் காட்டும் கண்ணாடித் தாளில் அச்சான படத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பெனிக் கூட்டத்துக்கு விரைந்தார்.

மாலையில் மறுபடியும் வந்தபோது அவர் முகத்தில் பெருநிம்மதி தெரிந்தது.

"படம் போட்டதுமே மொதலாளி கோவிந்தராஜுலு முடிவு பண்ணிப்போட்டாருங்க அம்மணி. நாக்பூருக்கு கோபி ராமுலுதான் போறாரு. மனுசனுக்குத் தலைகால் புரியல, குதிக்கறாரு!"

ஜன்னத் திகைத்தாள். "அப்ப, கோபிக்காரர் நீங்க இல்லீங்ளா?"

"ஊட்டுக்காரிக்குப் போன மாசந்தான் நம்மூருக்கு டீச்சர் வேலை மாத்தலாச்சுங்க, கல்யாணமாகி இப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருக்கறோம். மொதலாளி போகச் சொன்னா, மாட்டேன்னு சொல்ல நமக்கு வாய் வராதுங்களே..." அப்புசாமி கூச்சத்தோடு சிரித்தார். "அந்தச் சோமனூர்க்காரன் நாந்தானுங்க."