எந்த வைனுக்கு எந்தக் கிளாஸ்

"இது சாராயம் இல்லம்மா, வைன்" என்று சிரித்துக்கொண்டே நவநீதன் அலமாரியைத் திறந்தான். சிவப்பு வைனுக்கு வயிறு பெருத்த கிளாஸ், வெள்ளை வைனுக்கு வாய் ஒடுங்கியது, நுரைக்கிற வைனுக்கு ஒல்லியாக நெட்டையாக ஒன்று. காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டுமாம், கைச்சூடு பட்டால் ருசி கெட்டுவிடுமாம். அவன் ஒவ்வொன்றாக மேஜையில் வைக்க வைக்க, எதை வீசினால் எப்படிச் சிதறும் என்றுதான் வேதநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்பாவோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பாட்டிலை எடுத்துவர அவன் உள்ளறைக்குப் போனதும், கிளாஸ்களை அவசரமாக அள்ளி அலமாரிக்குள் வைத்தாள். மருமகள் தாரிணி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பா நினைச்சுக்காதம்மா. அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் குடு" என்றாள் வேதநாயகி. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். தாரிணி கேட்கவில்லை. "சரி அத்தை" என்று உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். போன தை மாதம் தனிக்குடித்தனம் வைத்தபோது, இரண்டு பேர் பெயரையும் வெட்டி வேதநாயகி வாங்கிக்கொடுத்த டம்ளர். அது மேஜையில் நேராக நிற்காமல் ஆடியது. வேதநாயகி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் உள்ளே நசுங்கியிருந்தது. தாரிணி என்ற பெயரில் பாதியைப் படிக்க முடியவில்லை. பாட்டிலோடு வந்த நவநீதன் வெறும் மேஜையைப் பார்த்தான். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு மாறாமல், "கிளாஸ் எங்கடி?" என்றான்.