பிள்ளையாரின் புது மெனு

“சாமிக்குத் தினமும் சுண்டலே குடுத்தா சலிச்சிப் பூடாதா?”

ஐந்து வயதில் மணிபாரதி இப்படிக் கேட்டபோது, பாகூரில் அவள் தெருப் பிள்ளையார் கோயில் பூசாரி நடேசன் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த கற்பூரமே அணைந்துவிட்டதாம்.

“அன்னிக்கி நான் கேட்டது இப்பத்தான்டி பிள்ளையாரு காதுல ஏறியிருக்குது!” கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் அவள் மூச்சுவிடாமல் பேசினாள். நெற்றியில் விபூதி, காதில் கிளிக்கூண்டு ஜிமிக்கி. “மார்கழி பொறந்ததும் மெனுவையே மாத்திட்டாரு. இந்தா, இன்னிக்கி எலுமிச்ச சாதம்!”

செல்வகுமாரி நாவலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நான் டயட்டுடி.”

“டயட்டெல்லாம் மனுசங்க குடுக்கறதுக்கு. பிரசாதத்த வேணாம்னு சொன்னா சாமி குத்தம். ஒரு வாய் துன்னு.”

உண்மையில் அது டயட் இல்லை. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து செல்வகுமாரி வீட்டில் இரவில் மட்டும்தான் அடுப்பு எரிந்தது. பசியைக் கூட அவள் தாங்கிக்கொள்வாள். அது நாலு பேருக்குத் தெரிவதைத்தான் தாங்கமாட்டாள். “ஒல்லியானாத்தான் பொங்கல் குர்தி எடுப்பா இருக்கும்” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டு, மதிய மணி அடித்ததும் புத்தகத்தோடு மரத்தடிக்கு வந்துவிடுவாள். போன வாரம் மணிபாரதி தன் டிபன் பாக்ஸை நீட்டியபோது வெடுக்கென்று மறுத்தும்விட்டாள்.

ஆனால் பிரசாதத்தை எப்படி மறுப்பது? மனிதர் நீட்டினால் தயவு. சாமி நீட்டினால் அருள். ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் டப்பாவின் அடி தெரிந்தது.

மறுநாள் தேங்காய் சாதம். அதற்கடுத்த நாள் கேசரி.

“இன்னாடி, உங்க பிள்ளையாரு நாளிக்கி நூடுல்ஸ் போடுவாரா?” என்று வகுப்புத் தோழி சரண்யா கிண்டல் செய்தாள்.

“போடுவாரே! நீ நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கறேன்னு வேண்டிக்கோ.”

மணிபாரதிக்கு உலகத்தில் மூன்று பைத்தியம்: தின்பது, உடுத்துவது, படிப்பது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வாள். வாயில் பிரசாதம்; மடியில் நூலகப் புத்தகம்; பேச்சு மட்டும் பொங்கலுக்குத் தைக்கப்போகும் பலூன் கை ரவிக்கையைப் பற்றி. படித்த பக்கத்தில் ஒரு துண்டு ரோஜா நிற லேஸை அடையாளமாக வைப்பாள். அது ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் அவள் போட்டு ஆடிய கவுனின் லேஸ். “எங்க மாமா அளவு தெரியாம எடுத்தாந்துட்டாரு, எனக்குச் சேரல” என்று செல்வகுமாரி கொண்டுவந்து கொடுத்தது. மணிபாரதிக்கு அது தைத்து வைத்தாற்போல் பொருந்தியது. அந்தக் கவுன் இல்லையென்றால் அவள் அன்று மேடைக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு நின்றிருப்பாள்.

தக்காளி சாதம் வந்த அன்று, நெய்யில் பொன்னிறமாய் வதங்கிய வெங்காயத்துக்கு இருவரும் அடித்துக்கொண்டார்கள். மரத்திலிருந்த அணில் பயந்து ஓடியது.

மார்கழி முடிந்தது. தை பிறந்தும் பிரசாதம் நிற்கவில்லை.

“பிள்ளையாரு எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாருடி. நடேசன் மாமா புதுசா போன் வாங்கியிருக்காரு. வீடியோ பாத்துப் பாத்து ஆக்கறாரு!”

செல்வகுமாரி சிரித்தாள். வயிறு நிறைந்ததும் பாடம் ஏறியது. நாவல்கள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. தினமும் படுக்கும் முன் கண்ணை மூடி, “நன்றி பிள்ளையாரப்பா” என்று சொல்லிக்கொண்டாள்.

தை கடைசியில் ஒரு நாள் அவளே முந்திக்கொண்டு மரத்தடியில் காத்திருந்தாள். அப்பாவுக்கு வில்லியனூரில் ஒரு மரக்கடையில் வேலை கிடைத்திருந்தது. அம்மா விடிகாலையிலேயே எழுந்து ஆக்கிக் கொடுத்திருந்தாள்.

“இன்னிக்கி உங்க சாமிக்கி லீவு,” என்று செல்வகுமாரி தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். “எங்க வூட்டுப் பிரசாதம் துன்னு பாரு.”

“ஐ! இன்னாடி இது, வாசன தூக்குது!” மணிபாரதி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். “செம! டயட்டு இன்னாடி ஆச்சி?”

“முடிஞ்சிபோச்சி.”

“அப்பாடா! பொங்கல் குர்திய இனிமே நீ பிரிச்சித்தான் தைக்கணும்.”

செல்வகுமாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சரண்யாவும் வரவில்லை. மரத்தடியில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

“பாரதி…”

“ம்?”

“எந்தக் கோயில்லடி பிரசாதத்துல வெங்காயம் போடறாங்க?”

மணிபாரதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். ஜிமிக்கி மட்டும் ஆடியது. விபூதிக்குக் கீழே முகம் சிவந்தது. சோற்றுக் கையை உதறிவிட்டு, இடது கையால் புத்தகத்திலிருந்த ரோஜா நிற லேஸை எடுத்து, தோழியின் மடியில் வைத்து மெல்ல நீவிவிட்டாள்.

“எந்த மாமாடி எனக்குன்னே அளவு பாத்து, தப்பா கவுன் எடுப்பாரு?”