புது வீட்டுக்கு ஒரு அலாரம்

அந்தப் பெட்டி கைமாறிக் கைமாறி விருந்து விரிப்பைச் சுற்றி வந்தது.

உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பெட்டி. நடுவில் ஒரு பொத்தான்.

புதுமனை விருந்துக்கு மற்றவர்கள் கம்பளமும் தேநீர்க் கோப்பைகளும் கொண்டுவந்திருந்தார்கள். ஐசால்கின் கொண்டுவந்தது இதை. தன் வீட்டுக்கென்று யாரும் இதை வாங்குவதில்லை, யாராவது கொடுத்தால்தான் உண்டு என்று நாரின் நகரச் சந்தைக் கடைக்காரி சொல்லியிருந்தாள்.

கரியடுப்பிலிருந்து விஷவாயு கசிந்தால் இது அலறும், அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று ஐசால்கின் விளக்கினாள்.



"எங்க வீட்டுக்காரர் குறட்டை விட்டாலும் அலறுமா?" என்றாள் குபாத்தின் தங்கை சய்ரா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் யாரும் ஐசால்கினின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் குபாத்தின் முதல் மனைவி. இது அவன் இப்போதைய மனைவி மீரிமுக்காகக் கட்டிய வீடு. வயிற்றெரிச்சல் என்று யாரோ தேநீருக்குள் முணுமுணுத்தார்கள்.

குபாத் பெட்டியை வாங்கி அலமாரிமேல் வைத்தான். அப்புறம் மாட்டிக்கொள்ளலாம், முதலில் உட்கார்ந்து சாப்பிடு என்றான்.

அவனுடைய அப்புறங்களோடு குடும்பம் நடத்தியவள் அவள். எட்டிப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

உட்காரவில்லை. மரியாதைக்கு, எண்ணெயில் பொரித்த ஒரு போர்சோக் அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்லவும் மறந்து ஜன்னலுக்குப் போனாள். வாசலில் டாக்ஸி நின்றது. திரும்பினாள். மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

உன் டாக்ஸி ஒன்றும் ஓடிப்போய்விடாது என்றாள் சய்ரா.

ஐசால்கின் திருப்புளி கேட்டாள். வீட்டில் இல்லை. சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அடுப்பின் முதுகுதான் அந்த அறைக்குச் சுவர். தொட்டுப் பார்த்தாள், சுட்டது. எதிர்ச்சுவரோரம் நாற்காலியைப் போட்டு ஏறினாள்.

திருகாணி விழுந்தது. இறங்கித் தேடி எடுத்து மறுபடி ஏறினாள்.

மீரிம் கதவோரம் வந்து நின்றாள்.

"புது வீட்டுல சாவைக் கொண்டாந்து மாட்டுறீங்கன்னு பேசிக்கிறாங்க அக்கா."

"பேசட்டும்."

கத்தி முனையால் திருகாணியை இறுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

வீடே அலறியது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குபாத்தின் பெரியப்பா கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எதையோ ஓதத் தொடங்கினார்.

ஐசால்கினுக்கு அது போதவில்லை.

"நீ போய் உன் கட்டில்ல படு," என்றாள் மீரிமிடம். "கதவைச் சாத்திக்கோ. போர்வையையும் தலையோட இழுத்துப் போர்த்திக்கோ."

விருந்தாளிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மீரிமின் முகம் சிவந்தது. குபாத்தைப் பார்த்தாள். அவன் குனிந்து தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

அவள் போனாள். படுக்கையறைக் கதவு சாத்தப்படும் சத்தம் வந்தது.

ஐசால்கின் பின்னறைக் கதவையும் சாத்திவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாள். இந்த முறை விரலை எடுக்க வெகுநேரம் ஆனது.

முடி கலைந்து மீரிம் திரும்பி வந்தாள். கேட்டதா என்று ஐசால்கின் கேட்டாள். கேட்டது என்றாள். நல்ல தூக்கத்தில் இருந்தாலும் கேட்குமா என்றாள் ஐசால்கின்.

மீரிம் கலைந்த முடியை அள்ளிச் செருகினாள்.

"உனக்குத்தான் கேக்கணும்," என்றாள் ஐசால்கின். "அவ தூங்கிட்டா இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டா."

மீரிமின் முகத்திலிருந்த கோபம் எங்கோ போயிற்று.

"எனக்குத் தூக்கம் லேசு அக்கா," என்றாள்.

சொல்லிவிட்டு, காலில் தட்டுப்பட்ட யாருடைய செருப்பிலோ காலை நுழைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஓடினாள். ஐசால்கின் பின்னால் போனாள்.

டாக்ஸியின் பின்னிருக்கையில், துணிமூட்டைமேல் தலைவைத்து, ஆறு வயது பெகிமாய் தூங்கிக்கொண்டிருந்தாள். தாய்க்கு மாஸ்கோவில் தையல் வேலை கிடைத்திருந்தது. பனி உருகும்வரை மகளுக்கு அப்பா வீட்டின் அந்தப் பின்னறைதான்.

மீரிம் கதவைத் திறந்து குழந்தையின் கழுத்துக்கடியில் கைகொடுத்தாள். பிறகு தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

எழுப்ப வேண்டாம் என்று ஐசால்கின் தலையை அசைத்தாள்.