ஏணிக் காட்சி

"இந்தப் படத்துக்குச் சிரிக்காதவனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சக்கரபாணி டி.வி.யில் பென்டிரைவைச் செருகினார். பெண் பார்க்க ரெட்டியார்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் தெருமுனைக்கு வந்துவிட்டார்களாம். மனைவி வசந்தா தலையில் அடித்துக்கொண்டு கேசரி கிளறப் போனாள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். கல்யாண வீட்டில் ஏணியைத் தோளில் வைத்திருப்பவன் திரும்புவான்; மாப்பிள்ளையின் அப்பா விழுவார். என்ன சத்தம் என்று மறுபடி திரும்புவான், நாதஸ்வரக்காரர் விழுவார். கடைசியில் சமையல்காரர் பாயச அண்டாவுக்குள் உட்கார்ந்துவிடுவார். எத்தனை தடவை பார்த்தாலும் சக்கரபாணிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்து அவரிடம் பாஸானவர்கள்தான். மகள் சிவசங்கரிதான் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றுவிட்டாள்.

மாப்பிள்ளை செம்மல் அப்பாவோடு வந்தான். சேதராப்பட்டில் கம்பெனி வேலை. மெல்ல உட்கார்ந்து, சோபாவில் கிடந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

படம் ஓடியது. அவனுடைய அப்பா ஏணி திரும்புவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். செம்மல் மட்டும் தலையணையை இறுக்கிப் பிடித்தபடி மின்விசிறியையே பார்த்தான். சமையல்காரர் அண்டாவில் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். சக்கரபாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறைக்குப் போய், இந்த உம்மணாமூஞ்சி நமக்கு வேண்டாம் என்றார்.

"எனக்கு இவரத்தாம்பா புடிச்சிருக்கு," என்றாள் சிவசங்கரி. "நெனவு தெரிஞ்சதுலேருந்து ஞாயித்துக்கெழமையானா இந்த ஏணிதான். போற எடத்துலயாவது நிம்மதியா இருக்கேன். வந்தவங்கள்ல சிரிக்காத ஒரே ஆளு இவருதான்."

வசந்தாவும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். சக்கரபாணிக்கு வேறு வழியில்லை. தட்டு மாற்ற நாள் குறித்தார்கள். கூட உட்கார்ந்து சிரிக்க ஒரு மாப்பிள்ளை வருவான் என்று ஆசைப்பட்டவருக்கு மனசே விட்டுப்போயிற்று. வாசல்வரை வழியனுப்பப் போனார்.

வயிற்றைப் பிடித்தபடி படியிறங்கிய செம்மல், அவர் காதருகே குனிந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. போன வாரந்தான் குடல்வால் ஆபரேஷன் ஆச்சு. சிரிச்சா தையல் பிஞ்சுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தையல் பிரிச்சதும் வரேன், மொதல்லேருந்து போடுங்க. எங்க ஊட்லயும் ஞாயித்துக்கெழமையானா இதே படந்தான்."