கம்ப்யூட்டருக்கு ஜன்னல்

“கம்ப்யூட்டர் ஹாலுக்கு எதுக்கும்மா இத்தனை ஜன்னல்?” புதுக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார் டைரக்டர் ஜம்பு.

“இருக்கட்டும் சார்,” என்றாள் கம்ப்யூட்டர் பிரிவின் அதிகாரி ஜலஜா.

“முழங்கால் உயரத்துல வாஷ்பேசின் வேற!”

“அதுவும் இருக்கட்டும். அஞ்சு வருஷத்துல நம்ம டேட்டா பத்து மடங்காகும் சார்.”

“பத்து மடங்கா! அப்போ ஹால் இன்னும் பெரிசா இருக்கணுமே!” என்று அவரே அளவைக் கூட்டி, கையெழுத்தும் போட்டார்.

டில்லியில் அரசாங்கக் கட்டடம் எழும்ப அந்த ஐந்து வருஷமும் ஆயிற்று. டேட்டாவும் ஜலஜா சொன்னபடியே பெருகியிருந்தது. திறப்பு விழாவுக்கு முதல் நாள் சுற்றிப்பார்க்க வந்த ஜம்பு திகைத்து நின்றார். ஹால் காலி!

“மெஷினெல்லாம் எங்கே?”

பக்கத்து அறையிலிருந்த ஒற்றை அலமாரியைக் காட்டினாள் ஜலஜா.

“அத்தனையும் இதுக்குள்ள அடங்கிடுச்சு சார். வேகமும் முன்னைவிடப் பல மடங்கு.”

“இப்படிச் சுருங்கும்னு அப்பவே தெரியாதா?”

“நல்லாத் தெரியும் சார். அதைக் கணிக்கறதுதானே என் வேலை?”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“ஸ்டாஃப் குழந்தைங்களுக்கு ஒரு காப்பகம் வேணும்னு எத்தனை தடவை கேட்டோம்! இடமே இல்லைன்னுட்டீங்க. கம்ப்யூட்டருக்குன்னதும் ஜல்தியா குடுத்துட்டீங்களே!”

வெயில் கொட்டிக் கிடந்த ஹாலுக்குள் போன ஜம்பு, வாஷ்பேசின் முன் நன்றாகக் குனிந்து குழாயைத் திறந்தார்.

“தண்ணி வருது,” என்றார் சிரித்தபடி. “நாளைக்கே குழந்தைங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லும்மா.”